இரத்தத்தில் ஓடுகிறதா ஓட்டம்?

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

கல்லூரி விளையாட்டு விழாவில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம். 1500 மீட்டர் ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. சித்தேரி மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் இளைய நண்பர் ஒருவர், மற்றவர்களை வெகுதொலைவு பின்னால் விட்டு முதலாவதாக வந்தார். புளிய மர நிழலில் நின்று கைதட்டிக்கொண்டிருந்த நான், பக்கத்தில் இருந்தவரிடம், "மலைக்காரப் பையன் இல்லையா, ரத்தத்திலேயே ஓட்டம் இருக்கு" என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன். அது அவர் காதிலும் விழுந்துவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே அருகில் வந்தவர், "ரத்தமெல்லாம் இல்லைங்கண்ணா. மூணு மாசமா விடியக்காலம் நாலரைக்கு எழுந்து ஓடிட்டிருக்கேன். நீங்க அப்ப தூங்கிட்டிருந்தீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சிரித்தார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சில வாரங்கள் கழித்துத் தேர்வு முடிவு வந்தது. அவர் ஒரு தாளில் தவறியிருந்தார். "மலையிலிருந்து வந்தவனுக்கு இங்கிலீஷ் எங்கே ஏறப்போகுது" என்று ஒருவர் சொல்லக் கேட்டேன். அவரைக் கண்டிக்க வாயெடுத்தபோதுதான், நான் சொன்னதும் அவர் சொன்னதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்பது உறைத்தது. ஒருவன் பிறந்த கூட்டத்தைப் பார்த்து அவன் காலுக்கு மதிப்பெண் போட்டவன் நான்; அதே கூட்டத்தைப் பார்த்து அவன் மூளைக்கு மதிப்பெண் போட்டவர் அவர். முன்னதை ஒப்புக்கொண்டவன் பின்னதை எப்படி மறுப்பான்?

இந்த எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அறிவியல் என்ற பெயரில் விளையாட்டுலகில் உலவிய பொய்களின் நீண்ட வரலாறு ஒன்று கண்ணில் பட்டது. அதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே என் நோக்கம்.

அளவுகோலோடு வந்தவர்கள்

மக்களைப் பற்றிப் பொதுப்படப் பேசுவது பழைய வழக்கம். அதற்கு அறிவியல் என்ற சட்டையை மாட்டிவிட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டு. அன்றைய ஐரோப்பிய அறிஞர் பலர் மண்டையோட்டையும் மூக்கையும் கை கால்களையும் அளந்து, மனித இனங்களை மேல் கீழாக வரிசைப்படுத்த முயன்றனர். நம் நாட்டில் இப்பணியை முனைந்து செய்தவர் ஹெர்பர்ட் ரிஸ்லி. மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைக்கும் எண்ணுக்கு 'நாசிக் குறியீடு' என்று பெயர். அந்த எண் ஏற ஏறச் சாதியின் சமூக நிலை இறங்கும் என்றார் ரிஸ்லி!

சென்னை மாகாணத்தில் அதே வேலையை எட்கர் தர்ஸ்டன் செய்தார். 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் அவர். ஊர் ஊராகவும் மலை மலையாகவும் சென்று மக்களை அளந்தார். அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. க. ரங்காச்சாரியின் துணையோடு அவர் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில், நம் மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினரும் இடம்பெற்றுள்ளனர். வழக்கங்களைப் பதிவு செய்த வகையில் அந்நூல் இன்றும் பயன்படுகிறது. மூக்கை அளந்து மனிதனின் தகுதியைச் சொல்லலாம் என்ற நம்பிக்கைதான் நிற்கவில்லை. ஜி. எஸ். குர்யே 1932இல் வெளியிட்ட நூலில் ரிஸ்லியின் எண்களையே எடுத்து ஆராய்ந்து, நாட்டின் பெரும்பாலான பகுதிகளுக்கு அவ்விதி பொருந்தவில்லை என்று காட்டினார்.

ஆனால் பொய்யான விதி செத்த பிறகும், அது பழக்கிவிட்ட பார்வை சாகவில்லை. உடலைப் பார், கூட்டத்தை அறி. கூட்டத்தை அறிந்தால் ஆளை அளக்க வேண்டியதில்லை என்பதே அப்பார்வை. அது ஆடுகளத்துக்குள் நுழைந்தபோது என்ன நடந்தது என்பதை இனிக் காண்போம்.

செயின்ட் லூயி நகரில் இரண்டு நாள்

1904ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் நடைபெற்றன. அங்கு அப்போது ஒரு பெரும் உலகப் பொருட்காட்சியும் நடந்துகொண்டிருந்தது. அதில் பார்வைக்கு வைக்கப்பட்டவை பொருள்கள் மட்டுமல்ல. பிலிப்பைன்சின் இகரோட்டுகள், ஜப்பானின் ஐனுக்கள், ஆப்பிரிக்கப் பிக்மிகள், பட்டகோனியர், அமெரிக்கப் பழங்குடியினர் என மனிதர்களும் அழைத்துவரப்பட்டுக் காட்சியாக்கப்பட்டிருந்தனர்.

ஆகஸ்டு 12, 13 ஆகிய இரு நாள்களில் 'மானிடவியல் நாள்கள்' என்ற பெயரில் இவர்களுக்கு ஓட்டமும் குண்டெறிதலும் ஈட்டியெறிதலும் நடத்தினர். பொருட்காட்சியின் மானிடவியல் துறைத் தலைவர் மக்கீ என்பவரும், விளையாட்டுத் துறைத் தலைவர் ஜேம்ஸ் சல்லிவன் என்பவரும் இதன் ஏற்பாட்டாளர்கள். பயிற்சி இல்லை; விதிகளைச் சரிவரச் சொல்லிக்கொடுப்பாரும் இல்லை. முடிவுக்கோட்டில் கட்டிய நாடாவைக் கண்டு நின்றுவிட்டவர்களும், பின்னால் வரும் தோழனுக்காகக் காத்திருந்தவர்களும் உண்டு என்பர். இப்படி எடுத்த அளவுகளைப் பயிற்சி பெற்ற வெள்ளை வீரர்களின் அளவுகளோடு ஒப்பிட்டு, இவர்கள் உடல் திறனில் தாழ்ந்தவர்கள் என்று சல்லிவன் முடிவு கட்டினார். பயிற்சி கொடுத்தால் இவர்கள் மேம்படுவார்கள் என்று மக்கீ கருதியதை அவர் பொருட்படுத்தவில்லை.

அந்த முடிவுக்கு மறுப்பு அதே மாதம் அதே ஊரிலேயே கிடைத்தது. ஆகஸ்டு 30 அன்று நடந்த மாரத்தான் ஓட்டத்தில், பொருட்காட்சிக்காக வந்திருந்த தென்னாப்பிரிக்க நாட்டுக் கறுப்பர் இருவர் கலந்துகொண்டனர். லென் டௌன்யானே, ஜான் மஷியானி என்பன அவர்கள் பெயர்கள். கடும் வெயிலிலும் புழுதியிலும் 32 பேர் புறப்பட்டு 14 பேர் மட்டுமே ஓடி முடித்த அந்தப் போட்டியில், டௌன்யானே ஒன்பதாவதாகவும் மஷியானி பன்னிரண்டாவதாகவும் வந்தனர். டௌன்யானேயை ஒரு நாய் துரத்தியதால் அவர் வழிவிலகி ஓட நேர்ந்தது என்றும் சொல்வர். சல்லிவன் அளந்தது உடலை அன்று, பழக்கத்தை. ஈரோட்டுச் சந்தை வியாபாரியை ஜப்பானிய மொழியில் கணக்குக் கேட்டுவிட்டு, அவருக்குக் கணக்கே தெரியாது என்று சொல்வது போன்றது அது.

வென்றவர் மாறினால் விளக்கமும் மாறும்

பொய் அறிவியலை அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு. உண்மையான அறிவியல் முன்கூட்டிச் சொல்லும். பொய் அறிவியல் முடிவு வந்த பிறகு காரணம் தேடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கறுப்பர்களுக்குக் குத்துச்சண்டைக்கு வேண்டிய நெஞ்சுரமும் தாங்கும் ஆற்றலும் இல்லை என்று எழுதினர். 1908 டிசம்பரில் சிட்னி நகரில் ஜாக் ஜான்சன் உலக வாகையர் பட்டத்தை வென்றார். பட்டத்தை மீட்க வந்த ஜிம் ஜெப்ரீசையும் 1910 ஜூலை 4 அன்று வீழ்த்தினார். அதன்பின் பழைய விளக்கம் மெல்லத் தலைகீழானது. கறுப்பரின் உடல் இயற்கையிலேயே சண்டைக்கென அமைந்தது என்றனர்!

1920களில் நெடுந்தொலைவு ஓட்டத்தில் பின்லாந்து கொடிகட்டிப் பறந்தது. பாவோ நூர்மி மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஒன்பது தங்கம் வென்றார். உடனே பின்லாந்தியரின் இனத்திலும் குளிர்நாட்டு வாழ்விலும் காரணம் தேடினர். 1930களில் நியூயார்க்கின் ஏழை யூதக் குடியிருப்புகளிலிருந்து கூடைப்பந்து வீரர்கள் பலர் எழுந்தனர். தந்திர புத்தி யூதருக்கு இயல்பு, அதனால் கூடைப்பந்து அவர்களுக்குப் பொருந்துகிறது என்று விளக்கினார் பால் கல்லிகோ என்னும் புகழ்பெற்ற விளையாட்டு எழுத்தாளர். இன்று கூடைப்பந்தை யூதரின் பிறவிக் கலை என்று எவரேனும் சொல்வாரா?

1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெசி ஓவன்ஸ் நான்கு தங்கம் வென்றதை யாவரும் அறிவர். கறுப்பர்களின் குதிகால் எலும்பு நீளமானது, கெண்டைக்கால் தசை வேறானது, அதனால்தான் வேகம் என்ற பேச்சு அதற்கு முன்பே உலவியது. மாண்டேகு காப் என்னும் கறுப்பின உடற்கூற்றியல் அறிஞர், பேசுவதை விட்டு அளந்து பார்த்தார். ஓவன்சின் கால்களை அளந்தும் எக்ஸ்ரே எடுத்தும் ஆராய்ந்து, 1936 ஜனவரியில் கட்டுரை வெளியிட்டார். கறுப்பினத்துக்கு உரியவை என்று நூல்கள் கூறிய கெண்டைக்காலோ பாதமோ குதிகால் எலும்போ ஓவன்சுக்கு இல்லை என்பதே அவர் கண்ட முடிவு. அளவுகோலைக் கொண்டு கட்டிய பொய்யை அளவுகோலைக் கொண்டே உடைத்தார் காப்.

அப்போதும் கதை ஓயவில்லை. கறுப்பர்கள் குறுந்தொலைவுக்குத்தான் ஏற்றவர்கள், நெடுந்தொலைவுக்குத் தாங்கமாட்டார்கள் என்றனர். 1960 செப்டம்பர் 10 அன்று ரோம் நகரில் எத்தியோப்பியாவின் அபேபி பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் முதலாவதாக வந்தார். பின்னர்க் கென்யாவும் எழுந்தது. உடனே, ஆப்பிரிக்கர் நெடுந்தொலைவு ஓடவே பிறந்தவர்கள் என்று விளக்கத்தை மாற்றினர்!

இங்கே நம்மவர் ஒருவரையும் நினைக்கிறேன். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், உயரம் தாண்டுதலில் இலங்கைக்கு முதல் தங்கம் பெற்றுத் தந்தவர் யாழ்ப்பாணத் தமிழரான எதிர்வீரசிங்கம். தமிழர் இரத்தத்தில் துள்ளல் உண்டு என்று எவரும் ஆராய்ச்சி நூல் எழுதவில்லை. அவருடைய உழைப்பு என்றோம், அதுவே உண்மை. நம்மவர் வென்றால் உழைப்பு, பிறர் வென்றால் இரத்தம் என்பது எந்த ஊர் நியாயம்?

நம் மண்ணில்

வெள்ளையரை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது.

வங்காளிகள் மென்மையானவர்கள், ஆண்மையற்றவர்கள் என்று ஆங்கிலேயர் எழுதினர். 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பகான் அணி, ஒருவர் நீங்கலாக எல்லாரும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று கேடயத்தைக் கைப்பற்றியது. அப்பழிக்கு ஆடுகளம் அளித்த மறுமொழி அது.

அதே 1911இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் அணியில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் பல்வாங்கர் பாலு. தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர். புனேயில் வெள்ளையர் மன்றத்தில் ஆடுகளத்தைப் பண்படுத்தும் ஊழியராக இருந்து, அவர்களுக்குப் பந்து வீசிப் பழகியவர். இந்துக்கள் அணி அவர் வீசிய பந்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்குத் தனியே வெளியில் மண்குவளையில் தேநீர் கொடுக்கப்பட்டது. மூத்த வீரராயிருந்தும் அணித் தலைமை அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. அவர் தம்பி விட்டலுக்கே 1923இல் அது கிடைத்தது. கை வேண்டும், தலை வேண்டாம் என்ற கணக்கு இது. இதற்கு ஆங்கிலேயர் காரணம் அல்லர்.

1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்குச் சென்று, நம் நாட்டின் முதல் ஹாக்கித் தங்கத்தை வென்ற அணிக்குத் தலைவராக விளங்கியவர் ஜெய்பால் சிங். சோட்டா நாகபுரியின் முண்டாப் பழங்குடியில் பிறந்து ஆக்ஸ்போர்டில் படித்தவர். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடியினரின் குரலாக ஒலித்தவர். பழங்குடியினருக்குக் கால் உண்டு, தலை இல்லை என்பார்க்கு இந்த ஒருவர் போதாரா?

இனி விடுதலைக்குப் பிந்திய நிகழ்ச்சி ஒன்று. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டக் காடுகளை ஒட்டிச் சித்திகள் என்னும் மக்கள் வாழ்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். கன்னடமும் கொங்கணியும் பேசுபவர்கள். 1980களின் பிற்பகுதியில் இந்திய விளையாட்டு ஆணையம் சிறப்புப் பகுதி விளையாட்டுத் திட்டத்தின் கீழ்ச் சித்திச் சிறுவர் சிறுமியரைத் தேர்ந்தெடுத்து விடுதிகளில் சேர்த்துத் தடகளப் பயிற்சி அளித்தது. மரபணுவாலோ நில அமைப்பாலோ ஒரு விளையாட்டுக்கு ஏற்றவர்களாகக் கருதப்படும் சமூகங்களிலிருந்து திறமையைத் தேடுவது அத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. ஆப்பிரிக்க இரத்தம் ஒலிம்பிக் பதக்கம் தரும் என்ற எதிர்பார்ப்பே இதன் பின்னணி.

அச்சிறுவர்களுக்கு நல்ல உணவும் காலணியும் பயிற்சியாளரும் கிடைத்தபோது, அவர்களில் சிலர் தேசிய அளவில் வென்றார்கள். ஆனால் 1990களின் தொடக்கத்தில் சித்திகளுக்கான முயற்சி நின்றுபோயிற்று. சிலருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. பலர் ஊருக்குத் திரும்பிக் கூலி வேலைக்குச் சென்றனர். இரத்தம் அவர்களை விட்டு எங்கும் போய்விடவில்லையே! போனவை உணவும் காலணியும் பயிற்சியும்தாம். வெற்றியைக் கொண்டுவந்தது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டுமா? திட்டம் தீட்டியவர்களின் எண்ணம் தீயது என்று நான் சொல்லவில்லை. மரத்தடியில் நின்று கைதட்டிய என் எண்ணம் மட்டும் தீயதா? நல்லெண்ணம் தவறான அறிவோடு சேர்ந்தால் விளைவது இதுதான்.

இன்றைய அறிவியல் சொல்வது

"அப்படியானால் நூறு மீட்டரில் ஜமைக்காக்காரர்களும், நெடுந்தொலைவில் கென்யர்களும் முன்னிற்பது ஏன்?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி இது.

உடல் திறனில் பரம்பரைக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்லவில்லை. உயரமும் தசையின் இயல்பும் மூச்சுத் திறனும் ஓரளவு பெற்றோரிடமிருந்து வருவனவே. ஆனால் அது ஆளுக்கு ஆள் வேறுபடுவது. தோலின் நிறத்தைக் கொண்டு பிரிக்கத்தக்கது அன்று. மனிதரிடையே காணப்படும் மரபியல் வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று 1972இல் ரிச்சர்ட் லெவான்டின் காட்டினார். வேகத்துக்கு உரிய மரபணு என்று செய்தித்தாள்கள் கொண்டாடிய ஏசிடிஎன்-3 மரபணுவின் 'வேக' வடிவம் எல்லாக் கண்டங்களிலும் பெரும்பாலான மக்களிடம் இருக்கிறது. அதைப் பெற்றிருந்தும் பேருந்தைப் பிடிக்க ஓடினால் மூச்சு வாங்குகிறவர்களே மிகுதி!

ஜமைக்காவின் மக்கள்தொகை முப்பது இலட்சத்துக்கும் குறைவு. அவர்களின் முன்னோர் பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்கர். இரத்தமே காரணமானால், இருபது கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட நைஜீரியா ஓட்டக்களத்தில் ஜமைக்காவைப் பல மடங்கு விஞ்சியிருக்க வேண்டும், அப்படி நடக்கவில்லை. ஜமைக்காவில் 1910 முதல் பள்ளிகளுக்கிடையே நடந்துவரும் தடகளப் போட்டி அந்நாட்டின் திருவிழாவாகவே இருக்கிறது. கென்யாவின் இட்டென் என்னும் சிற்றூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2400 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் மட்டுமே போதுமானால் நேபாளமும் பெருவும் மாரத்தான்களை வாரிக் குவித்திருக்கும். இட்டெனில் உள்ள ஒரு பள்ளிக்கு 1976இல் ஆசிரியராக வந்த அயர்லாந்துத் துறவி கோம் ஓகானல், தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குப் பயிற்சி அளித்து உலக வாகையர்களை உருவாக்கினார். மலை இருந்தது, வழிகாட்டியும் இருந்தார், முன்னே ஓடி வென்ற அண்ணனும் அக்காளும் இருந்தார்கள்.

பொய்யின் விலை

'இயற்கை வரம்' என்ற புகழ்ச்சியால் என்ன கெடுதி என்று கேட்பவர்களுக்கு ஓர் அண்மைக்காலச் செய்தி. அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் தலையில் அடிபட்டு அறிவாற்றல் குன்றிய முன்னாள் வீரர்களுக்கு இழப்பீடு வழங்க ஏற்பாடு செய்தார்கள். இழப்பைக் கணக்கிடும்போது, கறுப்பின வீரர்களின் அறிவாற்றல் தொடக்கத்திலேயே குறைவாக இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளும் முறை பின்பற்றப்பட்டது. அதனால் தமக்கு இழப்பு நேர்ந்ததை மெய்ப்பிப்பது அவர்களுக்குக் கடினமாயிற்று. எதிர்ப்பு எழுந்த பின், 2021ஆம் ஆண்டில்தான் அம்முறையைக் கைவிடுவதாக அறிவித்தனர். களத்தில் அவர்கள் உடலைப் புகழ்ந்த வாய், கணக்கெழுதும் மேசையில் அவர்கள் மூளையைக் குறைத்து எழுதிற்று. கால் உண்டு, தலை இல்லை என்ற அதே பழைய கணக்கு!

நம் மாவட்டத்துக்கு வருவோம். வத்தல்மலையிலும் சித்தேரியிலும் பிறந்த ஒரு பிள்ளை ஓடினால், "அது மலை இரத்தம்" என்கிறோம். அப்படிச் சொல்லிவிட்டால், அவனுக்குக் காலணி வாங்கித் தரவேண்டியதில்லை, பயிற்சியாளரைத் தேடவேண்டியதில்லை, நாலரை மணிக்கு அவனோடு எழுந்திருக்கவும் வேண்டியதில்லை. அவன் தேர்வில் தவறினால், "அதுவும் மலை இரத்தம்" என்று சொல்லிவிட்டு, மாலையில் அரை மணி நேரம் உடனிருந்து பாடம் சொல்லித் தரும் கடமையிலிருந்தும் தப்பிவிடலாம். இரத்தத்தின் மேல் பழியைப் போடுவது நம் சோம்பலுக்கு நாம் சூட்டிக்கொள்ளும் அழகிய பெயர்.

அந்த நண்பரும் நானும் இப்போது விடுதி வராந்தாவில் மாலை வேளைகளில் சேர்ந்து படிக்கிறோம். தவறிய ஆங்கிலத் தாளை அவர் அடுத்த முறை எழுதித் தேறிவிட்டார். பதிலுக்கு என்னை விடியற்காலை ஓட்டத்துக்கு எழுப்புவது அவர் வேலை. இரண்டு சுற்று வரை அவரோடு ஓடுகிறேன். மூன்றாவது சுற்றில் அவர் போய்விடுகிறார், நான் நின்றுவிடுகிறேன். ஏன் என்று எனக்குத் தெரியும். அவர் என்னைவிட ஓராண்டு முன்பே எழுந்தவர்.